தடுப்பூசிக் கட்டாயமும் வழக்கு நிதியும்: காரைக்கால் அரசு ஊழியர் அறிய வேண்டியவை

2021 டிசம்பர் முதல் வாரத்தில் புதுச்சேரி சுகாதாரம் மற்றும் குடும்பநலத் துறை இயக்குநரகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. 1973ஆம் ஆண்டுப் புதுச்சேரிப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் 54ஆம் பிரிவின் முதல் உட்பிரிவும் தந்த அதிகாரத்தைக் கொண்டு, கொரோனா தடுப்பூசியை உடனடியாகக் கட்டாயமாக்கியது அந்த உத்தரவு. மீறினால் சட்டப்படி நடவடிக்கை என்றும் எச்சரித்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற நான்கு பகுதிகளுக்கும் அது பொருந்தியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, நவம்பர் 18 அன்று, தமிழ்நாட்டின் பொதுச் சுகாதார இயக்குநர் 1939ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், தடுப்பூசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வருவதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தார். ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கீழ் ஏறத்தாழ ஒரே நெருக்கடி வந்தது. நாகூரில் குடியிருந்து காரைக்காலில் வேலை பார்ப்பவருக்கு இரண்டும் பொருந்தின.

உத்தரவு எல்லா மக்களுக்கும் பொதுவானது. ஆனால் அதன் அழுத்தத்தை அதிகம் உணரக்கூடியவர் அரசிடம் சம்பளம் வாங்குபவர். ஊசி வேண்டாம் என்று நினைக்கும் கடைக்காரர் கடையைத் தானே நடத்துகிறார். அரசு ஊழியருக்கோ உத்தரவு போடுவதும், சம்பளம் தருவதும், ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் ஒரே அரசு. அவர் மறுத்தால் விடுப்புக் கணக்கிலும் ஊதியத்திலும் பணிப்பதிவேட்டிலும் பாதிப்பு வரலாம். இந்த அச்சம் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. மருத்துவமனைச் செவிலியர், பள்ளி ஆசிரியர், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலர், பேருந்து நடத்துநர் என்று எத்தனையோ பேருக்கு ஒரே கேள்வி எழும்போது, சேர்ந்து வழக்குப் போடலாமா, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற பேச்சும் எழும்.

அதைப் பார்ப்பதற்கு முன்பு நீதிமன்றங்கள் சொன்னதைப் பார்க்க வேண்டும். வெல்லக்கூடிய வாதம் இருக்கிறதா என்பது தெரியாமல் நிதி திரட்டுவது உறுப்பினர்களை ஏமாற்றுவதாகும்.

முதலில் பேசியது மேகாலயா உயர் நீதிமன்றம். கடைக்காரர்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் ஊசி போட்ட பிறகே தொழிலைத் தொடங்கலாம் என்று அங்கே சில மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட்டிருந்தன. 2021 ஜூன் 23 அன்று, வற்புறுத்தி ஊசி போடுவது தனிமனித உரிமையையும் பிழைப்பு உரிமையையும் மீறுவது என்று அந்த நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், கடைகளும் வாகனங்களும் ஊசி போட்ட நிலையைப் பார்வையில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் பணித்தது. மறுப்பவரின் உரிமையோடு வாடிக்கையாளரின் உரிமையையும் அது பார்த்தது. அந்த வழக்கை உயர் நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது என்பதும் கவனிக்கத்தக்கது. எந்தக் கடைக்காரரும் வக்கீலுக்குப் பணம் கட்டி அதைத் தொடங்கவில்லை. அடுத்த மாதம் மிசோரம், அருணாசலப் பிரதேச உத்தரவுகள் மீது கவுகாத்தி உயர் நீதிமன்றமும் இதே போக்கில் தீர்ப்பும் இடைக்காலத் தடையும் வழங்கியது. குஜராத்தில், ஊசி போட மறுத்ததற்காக விளக்கம் கேட்டு நோட்டீஸ் பெற்ற விமானப் படை வீரர் ஒருவர் தனியாளாக உயர் நீதிமன்றம் சென்று இடைக்காலப் பாதுகாப்புப் பெற்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பளித்தது. மனுதாரர் குழந்தைநல மருத்துவர். தடுப்பூசி பற்றிய தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் முன்பு உறுப்பினராக இருந்தவர். நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவும் பி.ஆர். கவாயும் அடங்கிய அமர்வு, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உடல்மீதான உரிமையையும் காக்கிறது, எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. பொதுச் சுகாதாரத்துக்காகக் கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும். அந்தரங்க உரிமை பற்றிய 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பு வகுத்த அளவுகோல் இது. ஊசி போடாதவரால் தொற்றுப் பரவும் ஆபத்து மற்றவரால் பரவுவதைவிட அதிகம் என்று காட்டும் தரவு எதையும் அரசுகள் தாக்கல் செய்யவில்லை என்பதால், அப்போதிருந்த கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தொற்று குறைந்திருக்கும்வரை அவற்றை மறுபரிசீலனை செய்து திரும்பப் பெறும்படி சொன்னது. கட்டுப்பாட்டை ஆதரித்து வாதிட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இந்தத் தீர்ப்பைத் தடுப்பூசிக்கு எதிரான தீர்ப்பாகச் சித்திரிப்பது தவறு. நாட்டின் தடுப்பூசிக் கொள்கை நியாயமானது என்றும் அதே தீர்ப்பு ஏற்றது. கடும் நோயையும் இறப்பையும் ஊசி குறைத்தது என்பது 2021இன் இரண்டாம் அலையைக் கண்டவர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாளை வேறொரு கொள்ளைநோயில் தரவு வேறு மாதிரி இருந்தால் அரசின் கட்டுப்பாடு செல்லவும் கூடும். தங்கள் கருத்து அன்றைய நிலைமைக்கு மட்டுமே உரியது என்பதை நீதிபதிகளே தெளிவுபடுத்தினார்கள். ஆகவே எதிர்காலத்தில் வழக்குப் போடுபவர், அரசு ஆதாரம் காட்டவில்லை என்பதை ஆவணங்களோடு நிறுவ வேண்டியிருக்கும். மருத்துவ வல்லுநரின் கருத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள், ஆய்வுத் தாள்கள் ஆகியவற்றைச் சேர்க்கவும் செலவாகும்.

இனி எந்த நீதிமன்றம் என்ற கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடப்பதுபோல், ஒருவர் ஆயிரம் பேர் சார்பில் வழக்குப் போட்டு எல்லோருக்கும் இழப்பீடு வாங்கித் தரும் முறை இந்தியாவில் அதே வடிவில் இல்லை. அதற்கு நெருங்கியது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை 8ஆம் விதி. ஒரே நலன் கொண்ட பலருக்காக ஒருவரோ சிலரோ நீதிமன்ற அனுமதியுடன் வழக்கு நடத்தலாம் என்கிறது அது. சென்னை அசோக் நகரில் வீட்டு வசதி வாரியத்திடம் குறைந்த வருவாய்ப் பிரிவு வீடு பெற்றவர்கள், பின்னாளில் வாரியம் கூடுதல் விலை கேட்டபோது இந்த விதியின் கீழ்தான் வழக்காடினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம் என்பதால் கூட்டாக வழக்குப் போட முடியாது என்ற வாரியத்தின் வாதத்தை 1990இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. பிரச்சினை பொதுவாக இருந்தால் போதும் என்றது. ஆனால் இந்த விதியில் ஒரு செலவு இருக்கிறது. வழக்குப் போட்ட செய்தியைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நேரில் அனுப்ப முடியாவிட்டால் விளம்பரம் கொடுக்க வேண்டும். இரண்டுமே வழக்குப் போட்டவர் செலவில்.

அரசு ஊழியரின் பணி சார்ந்த வழக்குக்கு உரிமையியல் நீதிமன்றம் வழக்கமான வாசல் அல்ல. புதுச்சேரி அரசின் நிரந்தர ஊழியர்கள் 1985ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குச் செல்ல வேண்டும். பலர் சேர்ந்து ஒரே மனு போடுவதற்கு அங்கே எளிய வழி உண்டு. 1987ஆம் ஆண்டு நடைமுறை விதிகளின் 4(5)ஆம் விதி, ஒரே காரணமும் ஒரே நலனும் கொண்டவர்கள் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு கூட்டாக விண்ணப்பிக்க இடம் தருகிறது. சங்கமும் விண்ணப்பிக்கலாம், எந்தப் பிரிவினருக்காக என்று மனுவில் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்ட ஒருவராவது உடன் மனுதாரராக இருக்க வேண்டும். மனுக் கட்டணம் 50 ரூபாய். கூட்டு மனுவுக்கும் அதே 50 ரூபாய்தான். இந்திய ஊழியர்களுக்கான உண்மையான கூட்டு வழக்கு இதுவே என்று சொல்லலாம். பல நாடுகளில் லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும் வாசல் இங்கே இத்தனை மலிவாகத் திறந்திருப்பது பெரிய வசதி. அதைப் பலரும் அறிந்திருக்கவில்லை என்பதே வருத்தம்.

பொதுநல வழக்காகப் போட்டுவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. பணி சார்ந்த விஷயங்களில் தீர்ப்பாயத்தின் முன் பொதுநல வழக்கு செல்லாது என்று 1998இல் துர்யோதன் சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவரே வர வேண்டும்.

ஆனால் அரசு வளாகத்துக்குள் வேலை பார்க்கும் எல்லோரும் அரசு ஊழியர் அல்ல. அங்கன்வாடிப் பணியாளர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006ஆம் ஆண்டு அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போக்குவரத்துக் கழகம் போன்ற அரசு நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் தொழிலாளர் சட்டமோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோதான் வழி. கூட்டு வழக்கு பேசும் சங்கம் முதலில் செய்ய வேண்டியது உறுப்பினர்களை இப்படிப் பிரித்துப் பார்ப்பது. எல்லோரையும் ஒரே மனுவில் சேர்த்தால், தவறான இடத்தில் போட்ட வழக்கு என்று ஒரு பகுதி தள்ளுபடியாகும். செலவழித்த பணமும் காலமும் போகும்.

தீர்ப்பாயத்தை விட்டுவிட்டு நேராக உயர் நீதிமன்றம் செல்ல அசாதாரணச் சூழலில் மட்டுமே இடம் உண்டு. 2003இல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 2 லட்சம் ஊழியர்கள் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, அத்தனை பேரையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது தீர்வாகாது என்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதே தீர்ப்புதான் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றும் சொன்னது. போராட்டத்தின் பாதை அடைபட்ட பிறகு ஊழியருக்கு நீதிமன்றப் பாதையின் முக்கியத்துவம் கூடியது.

கட்டணம் 50 ரூபாய் என்றால் பணம் எதற்கு? காரைக்காலிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழக்கைக் கவனிக்கும் நிர்வாகி இரவு ரயில் ஏறி எழும்பூரில் இறங்க வேண்டும். வக்கீல் பீஸ், மனு தயாரிப்பு, தட்டச்சு, நகல், மொழிபெயர்ப்பு, அரசின் எதிர்மனுவுக்குப் பதில் மனு என்று செலவு நீளும். தீர்ப்பாயத்தில் வென்றாலும் அரசு விடுவதில்லை. 1997ஆம் ஆண்டு எல். சந்திரகுமார் தீர்ப்புக்குப் பிறகு தீர்ப்பாயத்தின் முடிவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஆராயலாம். அதன் பின் தில்லியில் உச்ச நீதிமன்றம். அரசுக்கு வழக்காடச் சொந்த வக்கீல்களும் பொதுப் பணமும் உண்டு. ஊழியர் பக்கம் மூன்று படிகளுக்கும் சேர்த்து நிதியைத் திட்டமிடாவிட்டால், முதல் படியில் கிடைத்த வெற்றியை இரண்டாம் படியில் காக்க ஆளிருக்காது. வழக்கு நிதி திரட்டுபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

பணம் வரக்கூடிய முதல் இடம் சங்கத்தின் சந்தா. புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் பொருந்துகின்றன. அவற்றின் 12ஆம் விதி கடுமையானது: அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த நோக்கத்துக்காகவும் ஊழியர் நன்கொடை கேட்கவோ வாங்கவோ நிதி திரட்டலில் பங்கேற்கவோ கூடாது. இதை அப்படியே படித்தால் வழக்கு நிதிக்கே இடமில்லை என்று தோன்றும். ஆனால் விதிக்கு மத்திய அரசு தந்த விளக்கம் ஒரு வாசலைத் திறந்துவைக்கிறது. உறுப்பினர்களின் பொதுநலனைப் பாதிக்கும் ஒரு பிரச்சினையில், சங்க விதிகள் அத்தகைய செலவுக்கு இடம் தந்தால், சங்கம் தன் உறுப்பினர்களிடம் பணம் வசூலிப்பதில் ஆட்சேபம் இல்லை. முன் அனுமதியும் தேவையில்லை. ஒரு தனி உறுப்பினர் மீது, சங்கத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக நடவடிக்கை வந்தால் அவரைக் காக்க வசூலிப்பது ஆட்சேபத்துக்குரியது. அனுமதியின்றி வெளியே பொதுமக்களிடம் போய்க் கேட்பதும் ஆட்சேபத்துக்குரியது.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு பொருளாளரும் அறிந்திருக்க வேண்டும். காரைக்கால் அரசு மருத்துவமனை ஊழியர்கள் தங்கள் சங்கத்துக்குள் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டுப் பொதுவான தடுப்பூசி உத்தரவை எதிர்ப்பது கோட்டுக்கு உள்ளே. அதே ஊழியர்கள் இணையத்தில் கணக்கு எண்ணைப் போட்டு, எங்கள் வழக்குக்கு உதவுங்கள் என்று உலகத்தைக் கேட்பது கோட்டுக்கு வெளியே. இரண்டாவது வழியில் போனவர் ஊசி வழக்கில் வென்றாலும் நன்கொடை வசூலுக்காகத் தனியாக ஒழுங்கு நடவடிக்கையைச் சந்திக்க நேரும்.

சங்கம் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் இன்னொரு விதியும் உண்டு. 1993ஆம் ஆண்டுப் பணிச் சங்க அங்கீகார விதிகளின்படி சங்க நிதி உறுப்பினர் சந்தாவாகவும் அரசு தரும் மானியமாகவும் மட்டுமே இருக்க வேண்டும். சங்க நோக்கங்களுக்கே செலவழிக்க வேண்டும். தனி ஊழியர் ஒருவரின் பணிப் பிரச்சினையைச் சங்கம் கையில் எடுக்கக் கூடாது. ஆகவே ஊசி மறுத்த ஒருவருக்கு வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையைச் சங்கப் பணத்தில் எதிர்க்க முடியாது. ஒரு பிரிவு முழுவதையும் பாதிக்கும் உத்தரவை எதிர்க்கலாம். இந்த வேறுபாடு மனுவின் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். போக்குவரத்துத் தொழிலாளர் போன்றோர் அமைத்த தொழிற்சங்கங்களுக்கு நிலைமை எளிது. 2021இல் நடைமுறையில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வேலை தருபவருக்கும் உறுப்பினருக்கும் இடையிலான உறவில் எழும் உரிமைகளைக் காக்க வழக்கு நடத்துவதையும் பொது நிதியின் முறையான செலவாகவே பட்டியலிட்டிருந்தது.

அடுத்தது இலவசச் சட்ட உதவி. இதை ஏழைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணி அரசு ஊழியர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோரை வருமான வரம்பு பாராமல் தகுதியுடையோராக வைத்திருக்கிறது. செவிலியர்களிலும் ஆசிரியைகளிலும் பெண்களே மிகுதி. மாதச் சம்பளம் வாங்கும் செவிலியர் ஒருவரும் பெண் என்ற ஒரே தகுதியில் அரசு செலவில் வக்கீல் கேட்கலாம். வழக்கில் அடிப்படை நியாயம் இருக்கிறதா என்பதை ஆணையம் பார்க்கும், அவ்வளவே. கூட்டு மனுவில் ஒருவராவது இந்தத் தகுதி கொண்டவராக இருப்பது காரைக்காலில் அரிதல்ல. சங்கங்கள் வசூல் புத்தகம் அச்சடிக்கும் முன் இந்த வழியை முயன்று பார்ப்பது நல்லது.

வெளியாரின் முதலீடு மூன்றாவது. இங்கிலாந்தில் பிறருடைய வழக்குக்குப் பணம் கொடுத்துப் பங்கு கேட்பதைத் தடுத்த பழைய சட்டம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று 1876இலேயே ராம் குமார் குண்டு வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது. ஒப்பந்தம் கொள்ளை லாபமாகவோ பொதுக் கொள்கைக்கு முரணாகவோ இருக்கக் கூடாது என்பதே வரையறை. 2018இல் ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றமும் வக்கீல் அல்லாத ஒருவர் வழக்குக்கு நிதி தந்து முடிவுக்குப் பின் திரும்பப் பெறத் தடையில்லை என்று குறிப்பிட்டது. வக்கீலுக்கு மட்டும் அது கூடாது. வழக்கில் வென்றால் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவது தொழில் ஒழுக்கக் கேடு என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார் கவுன்சில் விதிகளும் அதையே சொல்கின்றன. ஜெயித்தால் பீஸ் என்று எந்த வக்கீலாவது முன்வந்தால் சங்கம் விலகிக்கொள்ள வேண்டும்.

தடை இல்லாவிட்டாலும் முதலீட்டாளர் இத்தகைய வழக்குக்கு வருவது கடினம். ஊசி உத்தரவு வழக்கில் கிடைப்பது உத்தரவு ரத்தும், நிறுத்திய சம்பளமும், இழந்த பணிக்கணக்கும். பங்கு போட்டுக்கொள்ளப் பெரிய இழப்பீடு இல்லை. அப்படியும் பணம் தர ஒருவர் வந்தால், அவருக்கு வழக்கைத் தாண்டிய நோக்கம் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. அங்கே காவலர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் ஊசி உத்தரவை எதிர்த்துத் தொடுத்த வழக்குக்குச் சுரங்கத் தொழிலதிபர் கிளைவ் பாமர் பணம் கொடுத்தார். அவர் அரசியல் கட்சி நடத்தியவர். ஊசிக் கட்டாயத்தை எதிர்த்துப் பிரசாரமும் செய்தவர். 2024 பிப்ரவரியில் நீதிபதி கிளென் மார்ட்டின் காவல் ஆணையரின் உத்தரவு சட்டவிரோதம் என்றார். ஆணையர் மனித உரிமைகளை உரிய முறையில் எண்ணிப் பார்க்காமல் உத்தரவிட்டார் என்பதே காரணம். ஊசி தீங்கு என்பதால் அல்ல. பணம் கொடுத்தவர் சொன்ன அரசியலுக்கும் நீதிமன்றம் சொன்ன சட்டத்துக்கும் இருந்த இடைவெளி கொஞ்சமல்ல.

காரைக்காலுக்கே உரிய இன்னொரு ஊற்று வெளிநாட்டுப் பணம். 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்தியாவோடு சட்டப்படி இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் உண்டு. இன்றும் பாரிஸிலும் அதைச் சுற்றியும் காரைக்கால் வேர் கொண்டவர்கள் வாழ்கிறார்கள். ஊருக்கு ஒரு வழக்கு என்றால் உதவ அவர்களுக்கு மனம் இருக்கும். ஆனால் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அரசு ஊழியரும் அரசு நிறுவன ஊழியரும் வெளிநாட்டுப் பங்களிப்புப் பெறுவதைத் தடுக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வாழ்பவர் தம் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவது அந்தப் பட்டியலில் வரும். சட்டம் வரையறுக்கும் உறவினரிடமிருந்து சொந்தத் தேவைக்குப் பெறுவதற்கு விலக்கு இருக்கிறது; சங்கத்தின் வழக்கு நிதிக்கு அந்த விலக்கை நீட்ட முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட அண்ணன் தம்பிக்கு அனுப்புவதும், பாரிஸ் அமைப்பொன்று காரைக்கால் ஊழியர் சங்கத்துக்கு அனுப்புவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பின்னது குற்றமாகலாம்.

இவ்வளவுக்கும் பிறகு நிதியில் எப்போதும் இருக்கும் பூசல் ஒன்று பாக்கி: பணம் போட்டவர் சிலர், பலன் பெறுபவர் எல்லோரும். ஒரு குழு ஊழியர் தீர்ப்புப் பெற்றால், அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் அரசு அதே பலனைத் தர வேண்டும் என்பது பொது விதி. 2014இல் அரவிந்த்குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் உறுதி செய்தது. வரிசையில் நிற்காமலேயே பலன் வரும் என்றால் ஏன் பணம் போட வேண்டும் என்று ஒருவர் நினைப்பது இயல்பு. அதே தீர்ப்பு அவரை எச்சரிக்கவும் செய்கிறது. பாதிப்பைச் சகித்துக்கொண்டு சும்மா இருந்து, மற்றவர் வென்ற பிறகு நீண்ட தாமதத்தோடு கேட்டு வருபவருக்கு அந்தப் பலன் மறுக்கப்படலாம். பொதுவாக ஓர் உத்தரவே ரத்தானால் எல்லோரும் தப்பலாம். நிறுத்திய சம்பளத்தைத் திரும்பக் கேட்பது போன்ற தனிப்பட்ட பலன்களில் வேலியோரம் நின்றவர் நிலைமை மோசமாகும். நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் காலக்கெடுவிலும் கடுமையானது. முதலில் துறைக்கு முறையீடு. ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் அடுத்த ஓராண்டுக்குள் மனு. முறையீடு நிராகரிக்கப்பட்டால் அந்த உத்தரவிலிருந்து ஓராண்டு. பொதுக்குழு கூட்டி, வசூலித்து, வக்கீல் தேடி முடிப்பதற்குள் கெடு தாண்டிப் போன வழக்குகள் பல.

துறைக்கு முதலில் முறையிட வேண்டும் என்ற இந்த நிபந்தனை இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. கனடாவின் மத்திய அரசு 2021 அக்டோபரில் தன் ஊழியருக்கு ஊசியைக் கட்டாயமாக்கியது. மறுத்தவரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. 2022 ஜூன் 20 அன்று அந்தக் கொள்கையை நிறுத்தியது. அங்கே கூட்டு வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஆனால் ஊழியர் தம் குறையைப் பணித் தகராறு முறையில்தான் எழுப்ப வேண்டும் என்ற அந்நாட்டுச் சட்டம் அவற்றின் முன் பெரிய தடையாக நின்றது. பெருந்தொகை திரட்டிய கூட்டு வழக்கு வாசலிலேயே மாதக்கணக்கில் நிற்க நேரும் என்பதை அங்கே பார்க்கலாம். நியூசிலாந்தில் அதற்கு நேர்மாறாக, காவல்துறையிலும் ராணுவத்திலும் இருந்த சிலர் தொடுத்த சிறிய வழக்கு 2022 பிப்ரவரியில் அந்தப் பிரிவினருக்கான உத்தரவையே ரத்து செய்யவைத்தது. ஊசி போடாமலிருந்த சொற்பப் பேரைக் கட்டாயப்படுத்தத் தேவை இருந்ததாக அரசு நிறுவவில்லை என்பது அங்கும் முடிவைத் தீர்மானித்தது. வெற்றி பணத்தின் அளவில் மட்டும் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

எந்த வழியில் வந்த பணமானாலும் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். வழக்கு நிதிக்கென்று தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, வாய்தா தோறும் செலவு விவரம், வழக்கு தோற்றாலோ பாதியில் முடிந்தாலோ மீதிப் பணத்தை என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானம். இவை இல்லாத இடங்களில் வழக்கு முடிவதற்கு முன்பே சங்கம் உடைந்துபோகும். ஊசி போட்டுக்கொண்ட உறுப்பினரிடமும் இந்த நிதிக்குப் பணம் கேட்கலாமா என்ற கேள்வியையும் பொதுக்குழு வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலான ஊழியர்கள் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அவர்களின் பொதுச் சந்தாவை அவர்கள் ஏற்காத ஒரு வழக்குக்குச் செலவழிப்பது நியாயமல்ல. விருப்பப்பட்டவர்கள் மட்டும் தனியாகச் செலுத்தும் நிதியே நேர்மையானது.

புதுச்சேரிப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 8ஆம், 54ஆம் பிரிவுகளைப் போன்ற அதிகாரங்கள் அரசிடம் எப்போதும் இருக்கும். அடுத்த தொற்று வரும்போது அவை மீண்டும் பயன்படுத்தப்படலாம். அன்றைக்கு ஓடி அலைவதற்குப் பதிலாக, காரைக்காலின் ஊழியர் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே தங்கள் விதிப் புத்தகத்தை எடுத்து, உறுப்பினர்களின் பொதுநலனைக் காக்கும் வழக்குக்கு நிதி செலவிட அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் திருத்தத்தை இப்போதே நிறைவேற்றிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.